பனி குறையும் மலைகள்: தாழ்வான பனிச்சறுக்குத் தலங்கள் இனி என்ன ஆகும்?

கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரான்சின் கிழக்கு எல்லையில், சுவிட்சர்லாந்தை ஒட்டிய ஜூரா மலைத்தொடரில் உள்ள மோந்தோர் மலையின் உச்சி 1,463 மீட்டர். உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஐரோப்பா வெகுதூரம் வடக்கே இருப்பதால் மோந்தோர் சரிவுகளில் குளிர்காலம்தோறும் பனி கொட்டும். அந்தப் பனியை நம்பித்தான் மலையடிவாரத்தில் உள்ள மெத்தாபியே என்ற கிராமம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பனிச்சறுக்குத் தலமாக வளர்ந்தது. தங்கும் விடுதிகள், உணவுக் கடைகள், சறுக்குப் பயிற்சிப் பள்ளிகள், சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடைகள் என எல்லாமே அதைச் சுற்றி எழுந்தன.

இப்போது அந்தத் தலத்தை நடத்துபவர்கள், மலைச்சரிவுப் பனிச்சறுக்கை 2030-க்கும் 2035-க்கும் இடையில் நிறுத்திக்கொள்வது என்று தாங்களாகவே திட்டமிட்டிருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் நெருக்கியதால் வந்த முடிவு அல்ல இது. பனி இனி பழையபடி வராது என்று கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு.

ஐரோப்பாவில் தாழ்வான மலைகளில் உள்ள நூற்றுக்கணக்கான தலங்கள் இன்று இதே கேள்வியின் முன் நிற்கின்றன. பனி குறைகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போது நிறுத்துவது, அதுவரை எவ்வளவு பணம் போடுவது, நிறுத்திய பிறகு ஊர் எதை வைத்துப் பிழைப்பது என்பதில்தான் சிக்கல்.

உயரமும் வெப்பமும்

மலையில் ஏற ஏறக் குளிர் கூடும் என்பது தாப்பாவில் இருந்து கேமரன் மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கே தெரியும். ஏறக்குறைய 150 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இதையே திருப்பிப் பார்த்தால் பனிச்சறுக்குத் தலங்களின் பிரச்சினை விளங்கும். காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், பனி நிலைத்து நிற்கும் எல்லை சுமார் 150 மீட்டர் மேலே போய்விடுகிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி உயர்ந்திருக்கிறது. இது உலகச் சராசரியை விட ஏறக்குறைய இரு மடங்கு. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால், 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு இன்று வரும் குளிர்காலம், அந்தக் காலத்தில் 700 மீட்டர் உயர ஊருக்கு வந்த குளிர்காலத்தைப் போன்றது.

3,000 மீட்டர் உயரத்தில் மைனஸ் 10 டிகிரி, மைனஸ் 8 டிகிரி ஆனால் பனி பனியாகவே இருக்கும். 1,000 மீட்டர் உயரத்தில் மைனஸ் 1 டிகிரி, பிளஸ் 1 டிகிரி ஆனால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. அந்த மழை ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியையும் கரைக்கிறது. தாழ்வான தலங்கள் முதலில் அடிபடுவதற்கு இதுவே காரணம்.

பனி போனால் இன்னொரு விளைவும் உண்டு. புதிதாக விழுந்த பனி, தன் மேல் படும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகி மண் தெரியத் தொடங்கியதும், அந்த மண் வெயிலை வாங்கிச் சூடாகும். பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பனியும் வேகமாகக் கரையும்.

ஆல்ப்ஸ் மலையில் தரையோடு படர்ந்து வளரும் ஜூனிப்பர் புதர்களின் வளர்ச்சி வளையங்களை வைத்து, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடந்த 600 ஆண்டுகளின் பனிக்காலத்தைக் கணக்கிட்டார்கள். புதர் பனிக்கு அடியில் கிடக்கும் வரை வளராது என்பதால், வளையத்தின் அகலம் அந்த ஆண்டு பனி எத்தனை நாள் இருந்தது என்பதைக் காட்டும். 2023-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இன்றைய பனிக்காலம் நீண்டகாலச் சராசரியை விட 36 நாள் குறைவு.

100 நாள் கணக்கு

ஒரு பனிச்சறுக்குத் தலம் இலாபத்தில் ஓட எவ்வளவு பனி வேண்டும்? இந்தத் தொழிலில் உள்ளவர்கள் நெடுங்காலமாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையிலான காலத்தில், குறைந்தது 100 நாள்களுக்கு 30 சென்டிமீட்டர் பனி தரையில் இருக்க வேண்டும். பத்துக் குளிர்காலங்களில் ஏழிலாவது இப்படி அமைய வேண்டும். அப்போதுதான் அது பனிக்கு உத்தரவாதம் உள்ள இடம்.

பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 2007-ல் இந்த அளவுகோலை வைத்து ஆல்ப்ஸ் மலையின் 666 தலங்களை ஆராய்ந்தது. அப்போது 609 தலங்களுக்கு இயற்கைப் பனி போதுமானதாக இருந்தது. வெப்பம் மேலும் 1 டிகிரி கூடினால் அந்த எண்ணிக்கை 500 ஆகும், 2 டிகிரி கூடினால் 404 ஆகும், 4 டிகிரி கூடினால் 202 ஆகிவிடும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. மலைகள் தாழ்வாக உள்ள ஜெர்மனிதான் அதிகம் பாதிக்கப்படும் என்றும் அது சொன்னது.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஐரோப்பாவின் 28 நாடுகளில் 2,234 தலங்களைக் கணக்கில் எடுத்தது. உலக வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53 விழுக்காட்டுத் தலங்கள் மிக அதிகப் பனித் தட்டுப்பாட்டு அபாயத்தில் இருக்கும். 4 டிகிரி உயர்ந்தால் 98 விழுக்காடு. சரிவுகளில் பாதியைச் செயற்கைப் பனியால் மூடினால் இந்த அளவு முறையே 27 விழுக்காடாகவும் 71 விழுக்காடாகவும் குறையும்.

நாள்கள் குறைவது மட்டுமல்ல, எந்த நாள்கள் குறைகின்றன என்பதும் முக்கியம். ஐரோப்பியத் தலங்களின் வருமானத்தில் பெரும்பங்கு கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையிலும் பிப்ரவரி பள்ளி விடுமுறையிலும் வருகிறது. ஜனவரி கடைசியில் பனி நன்றாகக் கொட்டினாலும், கிறிஸ்துமஸ் வாரத்தில் மலை பச்சையாகக் கிடந்தால் அந்த ஆண்டின் நட்டத்தை ஈடுகட்டுவது கடினம். 2023 புத்தாண்டின்போது ஐரோப்பாவில் வரலாறு காணாத வெப்பம் பதிவானது. அப்போது ஆல்ப்ஸின் தாழ்வான தலங்கள் பல, விடுமுறைக் கூட்டம் வந்திருந்த நேரத்திலேயே சரிவுகளை மூட வேண்டியதாயிற்று.

பனியைத் தயாரிக்க முடியாதா?

முடியும். இன்று பெரும்பாலான தலங்கள் அதைத்தான் செய்கின்றன. இத்தாலியில் சறுக்குப் பாதைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குச் செயற்கைப் பனி வசதி உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டி ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியில்தான் நடந்தது.

பனிப் பீரங்கி என்று அழைக்கப்படும் இயந்திரம், தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக்கிக் குளிர்ந்த காற்றில் பீய்ச்சுகிறது. துளிகள் தரையில் விழுவதற்குள் உறைந்து பனியாகின்றன. இதற்குக் காற்று குளிர்ந்திருக்க வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும், ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு, மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இயந்திரம் சரியாக வேலை செய்யும். ஆக, பனி விழாத அளவுக்கு வெப்பம் கூடும் நாள்களில் பனியைத் தயாரிப்பதும் கடினமாகிவிடுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் இயந்திரம் கைகொடுப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். ஒரு ஹெக்டர் சரிவை, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரை, 30 சென்டிமீட்டர் பனியால் மூட ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை. இதற்காக மலை மேல் நீர்த்தேக்கங்கள் கட்டப்படுகின்றன. பிரான்சின் லா க்ளூசா என்ற ஊரில் இப்படி ஒரு நீர்த்தேக்கம் கட்டத் திட்டமிட்டபோது சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அந்த இடத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 2022 அக்டோபரில் கிரனோபிள் நகர நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

வேறு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. சில தலங்கள் குளிர்காலக் கடைசியில் பனியைக் குவித்து, அதன் மேல் மரத்தூளைத் தடிப்பாகப் போட்டுக் கோடை முழுவதும் காப்பாற்றி, அடுத்த பருவத் தொடக்கத்தில் பரப்புகின்றன. 2020 பிப்ரவரியில் பிரான்சின் பிரனீஸ் மலையில் உள்ள ஒரு தலம், மேலே கிடந்த சுமார் 50 டன் பனியை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து கீழே கொட்டியது. சில ஆயிரம் யூரோதான் செலவு. குழந்தைகளும் புதிதாகக் கற்பவர்களும் சறுக்கும் பகுதியைத் திறந்து வைக்க அது உதவியது. ஆனால் பருவநிலை மாற்றத்தால் வந்த தட்டுப்பாட்டுக்கு எரிபொருளை எரித்துத் தீர்வு தேடுவதா என்ற கண்டனம் நாடெங்கும் எழுந்தது.

பிரான்சின் அரசுக் கணக்குத் தணிக்கை மன்றம் 2024 பிப்ரவரியில் இது பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. செயற்கைப் பனி தருவது அளவான, தற்காலிகமான பாதுகாப்பு மட்டுமே என்றும், 2050-க்குப் பிறகும் பனிச்சறுக்கை நடத்தும் நம்பிக்கை சில தலங்களுக்கே உண்டு என்றும் அது குறிப்பிட்டது.

மெத்தாபியே போட்ட கணக்கு

மலைச்சரிவில் ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலி லிஃப்ட் ஒன்றைப் புதிதாக அமைக்கப் பல மில்லியன் யூரோ செலவாகும். அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். மெத்தாபியே தலத்தின் லிஃப்டுகள் பழையதாகி, பெரிய முதலீடு செய்ய வேண்டிய கட்டம் வந்தது. பணத்தைக் கொட்டுவதற்கு முன், கடன் அடையும் வரையிலாவது பனி இருக்குமா என்று நிர்வாகம் ஆராய்ந்தது. நிலையத்தை அப்போது வழிநடத்திய ஒலிவியே எரார், பனியாறுகளைப் பற்றிப் படித்தவர். கிடைத்த பதில், இருக்காது என்பது.

ஆகவே புதிய லிஃப்டுகளை வாங்குவதில்லை, இருப்பவற்றைப் பாதுகாப்பாகப் பராமரித்து ஓட்டுவது, அதற்குள் ஊருக்கு வேறு வருமானம் தேடுவது என்று முடிவாயிற்று. 'நாளையே மூடுகிறோம்' என்பதற்கும் 'கடைசி வரை பார்த்துவிடலாம்' என்பதற்கும் நடுவில் உள்ள வழி இது. அரசாங்கத்திடமும் வங்கியிடமும் கேட்டு வாங்கும் பணத்தை இறங்குமுகத்தில் உள்ள தொழிலில் போடாமல், அடுத்த தொழிலில் போட அவகாசம் கிடைக்கிறது.

இந்தக் கவலை வங்கிகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1,500 மீட்டருக்குக் கீழே உள்ள தலங்களுக்குக் கடன் கொடுக்க சுவிஸ் வங்கிகள் 2000-களின் தொடக்கத்திலேயே தயங்கத் தொடங்கின.

வாக்கெடுப்பில் முடிந்த தலங்கள்

எல்லா ஊர்களுக்கும் இப்படி அவகாசம் கிடைப்பதில்லை. பிரான்சில் 1950-களில் இருந்து 160-க்கும் மேற்பட்ட பனிச்சறுக்குத் தலங்கள் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஒன்றிரண்டு லிஃப்டுகளோடு ஓடிய சிறிய இடங்கள். பலவற்றில் துருப்பிடித்த கம்பங்களும் கம்பிவடங்களும் மலையிலேயே நின்றுவிட்டன.

ஹோட் சவோய் மாவட்டத்தில் உள்ள லா சாம்புயி தலத்தில், முன்பு டிசம்பர் தொடக்கத்தில் இருந்து மார்ச் இறுதி வரை பருவம் நடக்கும். கடைசியில் அது சில வாரங்களாகச் சுருங்கியது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் யூரோ நட்டம் ஊர் மக்களின் வரிப்பணத்தில் இருந்து போனது. 2023 ஜூனில் ஊராட்சி மன்றம் மூடுவதற்கு வாக்களித்தது. அதை ஏற்காதவர்களும் ஊரில் இருந்தார்கள்.

சேன் லே சால்ப் என்ற ஊரில் 2024 அக்டோபரில் பொதுமக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. தங்கள் ஊரின் கிராண்ட் புயி பனிச்சறுக்குத் தலத்தை மூடலாம் என்று 71 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அதே மாதம் இசேர் மாவட்டத்தின் ஆல்ப் து கிராண்ட் சேர் தலத்தை மூட உள்ளாட்சி மன்றம் முடிவு செய்தது. 80 ஆண்டுகளுக்கு மேல் நடந்த இடம் அது. ஊர் மக்கள் பணம் திரட்டிப் போராடியதால் அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் கதவு திறந்தது.

இப்படி ஓர் ஊர் இரண்டாகப் பிளவதற்குக் காரணம் உண்டு. மலைக் கிராமங்களில் ஒரே ஆள் கோடையில் மாடு வளர்ப்பவராகவோ தச்சராகவோ இருப்பார், குளிர்காலத்தில் லிஃப்ட் ஓட்டுவார் அல்லது சறுக்குப் பயிற்சி தருவார். இரண்டு வருமானம் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். ஒன்று நின்றால் இளையவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தின் வகுப்புகள் குறைகின்றன. வாடகைக்கு விட வாங்கிய வீடுகளின் விலையும் சரிகிறது.

மற்றொரு இழப்பும் உண்டு. உயரமான, பெரிய தலங்களில் ஒரு நாள் சீட்டின் விலை மிக அதிகம். பக்கத்து நகரங்களில் உள்ள சாதாரணக் குடும்பங்கள் காலையில் காரில் போய் மாலையில் திரும்புவதும், பள்ளி மாணவர்கள் முதன்முதலாகச் சறுக்கக் கற்பதும் இந்தச் சிறிய, தாழ்வான தலங்களில்தான். இவை மூடப்பட்டால் பனிச்சறுக்கு பணக்காரர்களின் பொழுதுபோக்காக மேலும் சுருங்கும்.

தாழ்வு எல்லா இடத்திலும் ஒன்றல்ல

உயரத்தை மட்டும் வைத்து ஒரு தலத்தின் ஆயுளைக் கணித்துவிட முடியாது. மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் விரும்பிச் செல்லும் ஜப்பானின் ஹொக்கைடோவில் உள்ள நிசெக்கோ மலையின் உச்சி வெறும் 1,308 மீட்டர். ஆனால் சைபீரியாவில் இருந்து வரும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து அங்கே பனியாகக் கொட்டுகிறது. முன்பு குளிர்கால ஒலிம்பிக் நடத்திய நகரங்களை 2022-ல் ஆராய்ந்த கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் குழு, கரிம வெளியேற்றம் குறையாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் நம்பிக்கையோடு போட்டி நடத்தக்கூடிய ஒரே நகரம் ஹொக்கைடோவின் சப்போரோ என்று கணித்தது.

ஜெர்மனியின் விண்டர்பெர்க் வேறு வகை. பக்கத்தில் உள்ள காலர் ஆஸ்டன் மலை 842 மீட்டர்தான். மக்கள்தொகை மிகுந்த ரூர் தொழில் பகுதியும் நெதர்லாந்தும் அருகில் இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த வருமானத்தை வைத்துப் பனிப் பீரங்கிகளில் பெரும் முதலீடு செய்து தாக்குப்பிடிக்கிறது. கூட்டமும் பணமும் இல்லாத சிறிய கிராமங்களுக்கு அந்த வழி இல்லை.

பனிக்குப் பிறகு

மூடிய பிறகு என்ன செய்வது என்பதற்கும் சில பதில்கள் உருவாகி வருகின்றன. மெத்தாபியே, மலைச் சைக்கிளோட்ட உலகப் போட்டியை 1993-லேயே நடத்திய ஊர். லிஃப்டில் சைக்கிளை ஏற்றிச் சென்று சரிவில் இறங்கும் விளையாட்டுக்குக் கோடையில் அங்கே கூட்டம் வருகிறது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் மோந்தோர் என்ற பெயரிலேயே ஒரு பாலாடைக்கட்டி தயாராகிறது. தேவதாரு வகை மரத்தின் பட்டையைச் சுற்றிக் கட்டி, ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 15 வரை மட்டுமே தயாரிக்கப்படும் அதற்குச் சட்டப்படி பெயர்ப் பாதுகாப்பு உண்டு. பனிச்சறுக்கு வருவதற்கு முன்பே அந்த மலையில் மாடும் பாலும் இருந்தன.

தெற்கு ஆல்ப்ஸில் உள்ள செயூஸ் தலம் பனி இல்லாமல் 2018-ல் நின்றுபோனது. 2023 நவம்பரில் அதன் லிஃப்டுகளைக் கழற்றும் வேலை தொடங்கியது. ஆனால் அந்த மலையின் சுண்ணாம்புப் பாறைச் சுவர், பாறையேறும் வீரர்களிடையே உலகப் புகழ் பெற்றது. சேன் ஃபிர்மேன் என்ற ஊரில் 1960-களில் அமைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற லிஃப்டை 2022-ல் தன்னார்வலர்கள் கழற்றி எடுத்து, சரிவை மலைக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

நடைப்பயணம், சைக்கிள், பாறையேற்றம் ஆகியவற்றால் வரும் வருமானம் ஆண்டு முழுவதும் பரவி வரும். ஆனால் நடந்து போகிறவர் லிஃப்ட் சீட்டு வாங்குவதில்லை. ஒரு நல்ல பனிக்காலம் சில வாரங்களில் தந்த பணத்தை இவை தனித்தனியே தருவதில்லை. ஆகையால் ஒரு பெரிய தொழிலின் இடத்தில் பல சிறிய தொழில்களைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் காலம் பிடிக்கும்.

அந்தக் காலத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டதுதான் மெத்தாபியே செய்த வேலை. அங்கே பனி விழும் நாள்களில் லிஃப்டுகள் இன்னும் ஓடுகின்றன, பிள்ளைகள் இன்னும் சறுக்கக் கற்கிறார்கள். பனி குறைவதை ஒரு கிராமத்தால் தடுக்க முடியாது. கையில் பணமும் ஊரில் இளையவர்களும் இருக்கும்போதே அடுத்த தொழிலைத் தொடங்குவதா, இரண்டும் போன பிறகு தொடங்குவதா என்பது மட்டும் அதன் கையில் இருக்கிறது.